மோக்ஸா குச்சி: மதுரை வீட்டுக்கு எது ஒத்துவரும், எது வராது

உடம்பின் புள்ளிகளில் சூடு காட்டும் சீன வைத்தியமான மோக்ஸாவுக்கு விற்கும் சாமான்களில் வீட்டு உபயோகத்துக்கு யோசிக்காமல் வாங்கத் தகுந்தது ஒன்றுதான். 18 மில்லிமீட்டர் கனம், 20 சென்டிமீட்டர் நீளம் உள்ள சாதாரணப் புகைக் குச்சி. புகையில்லாக் கரிக்குச்சி, மூங்கில் பெட்டி, இடுப்பில் கட்டும் பித்தளைச் சிமிழ், தோலில் ஒட்டும் குட்டிக் குழல் என்று ஆன்லைனில் வரிசையாக வந்து நிற்பவற்றில் மூங்கில் பெட்டிக்குப் பாதி மார்க் போடலாம். மற்றவை நம் வெயிலுக்கும் வேர்வைக்கும் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனுக்கும் சரிப்பட்டு வராதவை.

முதலில் பொருளைப் பற்றி. மோக்ஸா என்பது ஓர் இலையின் பஞ்சு. சீனர்கள் 'ஆய்' என்று சொல்லும் ஆர்ட்டிமிசியா ஆர்கியி செடியின் இலையை உலர்த்தி, இடித்து, சலித்து, தூளையும் காம்பையும் தள்ளினால், இலையின் அடிப்புறத்து வெள்ளை ரோமம் மட்டும் திரண்டு பஞ்சாக நிற்கும். அதைப் பற்றவைத்தால் சுடர் எழாது. ஊதுபத்தி மாதிரி கங்காகவே கனன்று மெல்ல எரியும். அந்தக் கங்கின் வெக்கையை உடம்பின் குறிப்பிட்ட புள்ளிகளில் காட்டுவதுதான் சிகிச்சை. மோக்ஸா என்ற பெயர் ஜப்பானிய 'மொகுசா'விலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தது. நாம் அக்குபஞ்சர் என்று சொல்வதற்குச் சீனத்தில் 'ஜென்ஜியூ' என்று பெயர். அதில் ஜென் ஊசி, ஜியூ இந்த நெருப்பு. 1973-இல் சாங்ஷா பக்கம் மாவாங்துய் கல்லறையில் கிடைத்த சுவடிகள் கி.மு. 168-இல் உள்ளே வைத்து மூடப்பட்டவை. அவற்றிலுள்ள நாடிப்பாதை நூல்கள் சொல்லும் சிகிச்சை சூடு மட்டுமே; ஊசியைப் பற்றிப் பேச்சே இல்லை. 2010-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோதும் ஊசி, நெருப்பு இரண்டையும் சேர்த்தேதான் எழுதிக்கொண்டது.

பழைய சீன மருத்துவ நூலான ஸூவென், இந்தச் சூட்டு வைத்தியம் வடக்கிலிருந்து வந்தது என்கிறது. மேட்டு நிலம், குளிர்காற்று, பனி உள்ள நாடு. அந்த ஊர் எங்கே, அக்னி நட்சத்திரத்து மதுரை எங்கே! விளம்பரங்கள் மறைக்கும் விஷயம் இதுதான். அந்த வைத்தியத்தின் கணக்குப்படியே மோக்ஸா குளிர்ச்சிக்கும் தளர்ச்சிக்கும் உரியது. காய்ச்சல், சிவந்து கொதிக்கும் வீக்கம், வாய் வறண்டு தூக்கம் கெட்ட சூட்டு உடம்பு, இவற்றுக்கு வேண்டாம் என்றே அது சொல்லும். சித்திரை வைகாசியில் மதியம் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு குச்சி கொளுத்துவது எந்த வைத்தியத்திலும் சேராது. காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசி முதல் மாசி வரை இந்தக் கவலை குறைவு.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது

5:1, 10:1, 30:1, 45:1 என்று ஒரு விகிதம் போட்டிருக்கும். இத்தனை கிலோ இலையிலிருந்து ஒரு கிலோ பஞ்சு என்று அர்த்தம். எண் கூடக்கூடப் பஞ்சு சுத்தமாகும்; பச்சை கலந்த சாம்பல் நிறம் போய்ப் பொன்மஞ்சளாகும்; எரியும் சூடும் மென்மையாகும். அரிசிமணி அளவுக்கு உருட்டித் தோலின் மேலேயே வைத்துக் கொளுத்தும் ஜப்பானிய முறைக்கு அந்த உயர்ந்த சுத்தம் தேவை. தோலிலிருந்து தள்ளிப் பிடிக்கும் குச்சிக்குத் தேவையில்லை. சற்று முரட்டுப் பஞ்சே அதற்கு நல்லது, வெக்கை தூரம் பாயும். கணக்கையும் போட்டுப் பாருங்கள். 25 கிராம் குச்சி ஒன்று உண்மையிலேயே 45:1 என்றால் அதற்குள் 1 கிலோவுக்கு மேல் உலர்ந்த இலையின் பஞ்சு இருக்க வேண்டும். பத்துக் குச்சிப் பெட்டியை ஒரு சாப்பாட்டு விலைக்குக் கொடுப்பவர் அதை எப்படிக் கொடுப்பார்? 5:1, 10:1 என்று அடக்கமாகப் போட்டிருப்பதை வாங்குங்கள்.

அடுத்தது வயது. மூன்று வருடம், ஐந்து வருடம், பத்து வருடம் என்று போடுவார்கள். மூன்றாண்டு பழைய இலையே சிறந்தது என்பது பழைய சீன அறிஞர் மென்சியஸ் காலத்துப் பேச்சு. அதில் நியாயம் உண்டு. புது இலையில் எண்ணெய் நிறைய. அது படபடவென்று எரியும், புகை கண்ணைக் கரிக்கும். வைத்திருக்க வைத்திருக்க அந்த எண்ணெய் ஆவியாகி நெருப்பு சாந்தமாகும். ஆனால் மூன்றுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வீட்டில் உபயோகிப்பவர் கண்டுபிடிக்கப் போவதில்லை. பழுப்பு நிறம் வயதுக்கு ஆதாரமும் ஆகாது. ஹூபெய் மாகாணத்து சீச்சுன் இலை என்று போட்டிருந்தால், மருந்துச் செடிகளின் பெருந்தொகையை எழுதிய லீ ஷிஜென் பிறந்த ஊர் அது, ஆய் இலைக்குப் பேர்போனது. அட்டையில் அச்சடிக்க யாருக்கும் செலவாகாது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே அட்டையை விட்டுவிட்டு ஒரு குச்சியை பலிகொடுங்கள். நடுவில் வெட்டிப் பிரித்துப் பார்க்க வேண்டும். விரலால் இழுத்தால் பஞ்சு பஞ்சாக நீள வேண்டும். பொடியாக உதிர்ந்தால் அது இலைத்தூள். குச்சி குச்சியாகக் காம்பு தென்பட்டால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம், ஏனென்றால் காம்புதான் எரியும்போது வெடித்துப் பொறி தெறிக்கும், அந்தப் பொறி நேராகத் தோலுக்கு வரும். இறுக்கமும் முக்கியம். விரல்களால் நெரித்தால் நெளியக் கூடாது. தொளதொளப்பாகச் சுற்றிய குச்சி வேகமாக எரிந்து சாம்பலைக் கொட்டும். இன்னொன்றைக் கொளுத்திப் பாருங்கள். புகை வெளுப்பாக எழும்ப வேண்டும். கறுத்துச் சுருண்டு தொண்டையைப் பிடித்தால் சரக்கு சரியில்லை. சாம்பல் வெளிர்சாம்பல் நிறத்தில் கொத்தாக ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இடையில் ஒரு சின்ன விஷயம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைச் சரத்துக்கு நடுவே வைத்துக் கட்டும் மரிக்கொழுந்து இந்த ஆய்க்கு ஒன்றுவிட்ட தங்கை; ஆர்ட்டிமிசியா பாலென்ஸ் என்பது அதன் பெயர். நாட்டு மருந்துக் கடையில் மாசிபத்திரி என்று கேட்டால் தருவதும் அதே குடும்பம்தான். அதையே வாங்கி இடித்து மோக்ஸா செய்தால் என்ன என்று கேட்பார்கள். செய்யலாம், ஆனால் கடைச் சரக்கில் பாதி தண்டு. இலையை மட்டும் ஆய்ந்து, நிழலில் காயவைத்து, உரலில் இடித்து, சலித்து, மறுபடி இடித்து, மறுபடி சலித்து, கடைசியில் ஒரு கைப்பிடி கிடைக்கும். வேது பிடிக்கவும் புகை போடவும் அந்தச் சரக்கு போதும். குச்சிக்கு வாங்குவதே லாபம்.

சாதாரணக் குச்சி

இதை உபயோகிப்பதில் பலரும் கோட்டைவிடுவது பற்றவைக்கும் இடத்திலேயே. கம்பெனிப் பெயர் அச்சடித்த வெளித்தாளை உரித்துவிட வேண்டும். உள்ளே பஞ்சை இறுக்கிச் சுற்றியிருக்கும் மெல்லிய தாளை உரிக்கக் கூடாது. தீக்குச்சி போதாது. மெழுகுவத்தியிலோ கேஸ் லைட்டரிலோ முனையைக் காட்டி உருட்டிக்கொண்டே ஒன்றிரண்டு நிமிடம் பிடிக்க வேண்டும். கேஸ் அடுப்பிலும் பிடிக்கலாம், ஆனால் உதிரும் பஞ்சு பர்னர் துளையை அடைக்கும். வீட்டம்மாவிடம் பாட்டு வாங்கியவர்கள் அதை மறுமுறை செய்வதில்லை. முனை முழுக்க வட்டமாகச் சிவந்திருக்க வேண்டும். ஒரு ஓரம் மட்டும் பிடித்திருந்தால் அந்தப் பக்கம் சரிந்து எரிந்து, கங்கு ஒருநாள் பொத்தென்று விழும்.

தூரம் 2 முதல் 3 சென்டிமீட்டர். பிடிக்கும் கையின் சுண்டுவிரலை நோயாளியின் உடம்பில் ஊன்றிக்கொண்டால் கை ஆடாது. அசையாமல் ஒரே இடத்தில் காட்டுவது ஒரு முறை. இதமான சூடு 10 முதல் 15 நிமிடம், தோல் லேசாகச் சிவக்கும் வரை. சிட்டுக்குருவி தானியம் கொத்துவதுபோல் கிட்டே கொண்டுபோய்க் கொண்டுபோய் எடுப்பது இன்னொன்று. சூடு சுருக்கென்று ஏறும், ஐந்து நிமிடம் போதும், கை பழகாதவர் தொட வேண்டாம். வட்டமாகச் சுற்றுவது அகலமான இடத்துக்கு, முதுகு, முழங்கால் மாதிரி. நோயாளி "இதமா இருக்கு" என்று சொல்லும் வரைக்கும்தான். "சுரீர்னுது" என்ற சொல் வந்த கணம் எடுத்துவிட வேண்டும். "கொஞ்சம் தாங்கிக்கோம்மா" என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை.

சூடு குறைகிறதே என்று கிட்டே கொண்டுபோவதுதான் பெரிய ஆபத்து. குறைவதற்குக் காரணம் சாம்பல். கங்கின் முகத்தில் படியும் சாம்பல் சட்டை போட்டதுபோல் வெக்கையைத் தடுக்கிறது. விவரம் தெரியாதவர் குச்சியை இன்னும் நெருக்கிப் பிடிப்பார்; சாம்பல் உதிரும், அதோடு ஒரு துண்டுக் கங்கும் உதிரும், தோலுக்கும் நெருப்புக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. பல கொப்புளங்களுக்கு இதுவே காரணம். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நோயாளிக்கு மேலிருந்து குச்சியை விலக்கி, ஒரு கிண்ணத்தின் விளிம்பில் லேசாகத் தட்டி உருட்டிச் சாம்பலை நீக்க வேண்டும். ஓங்கித் தட்டினால் கங்கே கழன்றுவிடும். மற்றக் கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் புள்ளியின் இரு பக்கமும் வைத்துக்கொள்வது தொழில்காரர் வழக்கம். நோயாளிக்கு உறைப்பதற்கு முன் விரலுக்கு உறைக்கும். குழந்தைக்கும் உணர்ச்சி மந்தமானவருக்கும் பார்க்கும்போது அவர்கள் இதை ஒருநாளும் விடமாட்டார்கள்.

முழுக் குச்சி ஏறக்குறைய ஒரு மணி நேரம் எரியும். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று புள்ளிகள், மொத்தம் அரைமணி நேரம் என்று வைத்தால் ஒரு குச்சி இரண்டு வேளைக்கு வரும்.

வீட்டில் தைரியமாகக் காட்டக்கூடிய இடம் அக்குபஞ்சர் கணக்கில் எஸ்.டி. 36 என்ற புள்ளி. முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கத்துக் குழியிலிருந்து, நோயாளியின் சொந்த விரல்களில் நான்கு விரல் கிடை கீழே, முன்கால் எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே. அளவு அவரவர் விரலில்தான். பேரனுக்குத் தாத்தா விரலால் அளந்தால் புள்ளி கணுக்கால் பக்கம் போய்விடும். மந்தமான ஜீரணம், கால் அசதி இவற்றுக்குச் சீன வைத்தியம் சொல்வது இதை. தொப்புளுக்குக் கீழே நான்கு விரலில் உள்ள சி.வி. 4, இடுப்பில் தொப்புள் மட்டத்தில் தண்டுவடத்துக்கு இருபுறமும் இரண்டு விரல் தள்ளி உள்ள பி.எல். 23 ஆகியவை அடுத்தவை. முகம், கண் சுற்று, சுருள்நரம்பு புடைத்த கால், பெரிய ரத்தக் குழாய் துடிக்கும் இடம், புண், கர்ப்பிணியின் வயிறும் இடுப்பும், இவை குச்சியே போகக் கூடாத இடங்கள்.

புகையில்லாக் குச்சி

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இது மோக்ஸாவை ஏற்கெனவே கரியாக்கி அச்சில் அழுத்தியது. புகை வருவதில்லை என்பது ஏறக்குறைய உண்மை. ஆனால் மூடிய அறையில் கரி எரிந்தால் என்ன வருமோ அதுவும் வரும். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. ஜன்னலைத் திறக்காமல் உபயோகிக்கலாம் என்று நினைப்பவர்தான் இதை வாங்குகிறார், அவர்தான் வாங்கவே கூடாதவர். பற்றவைக்க நான்கைந்து நிமிடம் விடாமல் நெருப்பில் பிடிக்க வேண்டும், கை வலித்துவிடும். நன்றாகப் பிடித்தபின் சாதாரணக் குச்சியைவிட உக்கிரமாகச் சுடும். 3 சென்டிமீட்டர் பழக்கத்தில் பிடித்தால் சுட்டுவிடும், 4 அல்லது 5 வைக்க வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் அணைந்த மாதிரி கறுப்பாக இருக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். அணைக்கவும் நேரம் பிடிக்கும். கீழே விழுந்தால் உடைந்து நாலு பக்கம் ஓடும். ஆஸ்துமாக்காரர் வீட்டில் வேறு வழியில்லை என்றால் திறந்த வராந்தாவில் வைத்துக்கொள்ளலாம்.

பெட்டி, சிமிழ், ஒட்டும் குழல்

மூங்கில் பெட்டியில் மேலே ஒன்று முதல் ஐந்தாறு துளை வரை இருக்கும். கீழே கம்பி வலை. குச்சியைத் துண்டாக்கித் துளையில் செருகினால் ரப்பர் வளையமோ ஸ்பிரிங்கோ பிடித்துக்கொள்ளும். வயிற்றிலோ முதுகிலோ வைத்துவிட்டால் பிடித்துக்கொண்டே இருக்க ஆள் வேண்டாம் என்பது வசதி. வாங்கும்போது வலை இரட்டையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒற்றை வலையில் பெரிய கண் இருந்தால் சாம்பலோடு கங்கும் இறங்கிவிடும். ரப்பர் வளையம் சூட்டில் இளகி ஒருநாள் பிடியை விடும். ஸ்பிரிங் வைத்ததே மேல். ஒல்லியானவர் இடுப்பில் பெட்டி சரியாக உட்காராமல் ஒரு பக்கம் தூக்கும், தூக்கிய பக்கம் வழியாக வெக்கை ஓட, தணிந்த பக்கம் சுடும். மடித்த பருத்தித் துண்டை அடியில் முட்டுக்கொடுத்தால் சரியாகும். பெட்டியை வைத்துவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடக் கூடாது. படுத்திருப்பவர் தும்மினாலே பெட்டி கவிழும்.

பித்தளைச் சிமிழ் என்பது மூடியின் ஊசியில் சின்ன மோக்ஸா உருளையைக் குத்தி, துணிப்பையில் போட்டு, பெல்ட்டால் இடுப்பிலோ முழங்காலிலோ கட்டிக்கொள்வது. கட்டிக்கொண்டே சமைக்கலாம், நடக்கலாம் என்று விளம்பரம். பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு உலோகம் சூடேறத் தொடங்கினால் நிற்காது, மூடியிலுள்ள காற்றுத் துளையை மூடினாலும் குறைய நேரம் எடுக்கும். நைட்டியும் சிந்தெடிக் சேலையும் இந்தச் சாமானோடு சேரவே கூடாது. அந்தத் துணி உருகித் தோலோடு ஒட்டும். சுங்குடி மாதிரிப் பருத்தியே சரி. மூன்று நான்கு வேளையில் சிமிழின் உட்புறம் பழுப்புத் தார் பிடித்து, பையிலும் தோலிலும் மஞ்சள் கறை விடும். தோலில் பட்டதைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகும், பையில் பட்டது போகாது.

ஒட்டும் குட்டிக் குழல் பார்க்க அழகானது. பட்டாணி அளவு மோக்ஸா, அடியில் ஒட்டுத்தாள். கொளுத்தி ஒட்டினால் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் எரிந்து முடியும். சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. முதல் பாதியில் ஒன்றுமே உறைக்காது, கடைசி அரை நிமிடத்தில் சுரீரென்று ஏறும், அதற்குள் கையால் பிடுங்கினால் விரல் சுடும். அதையெல்லாம்கூடப் பொறுக்கலாம். மதுரையில் பங்குனி முதல் ஆவணி வரை வேர்வைத் தோலில் அந்த ஒட்டுத்தாள் நிற்காது. கொளுத்திய குழல் கழன்று கோரைப்பாயில் விழும்.

இஞ்சியும் உப்பும்

கடைச் சாமான்களைவிட நல்ல தடுப்பு நம் சமையலறையிலேயே இருக்கிறது. இஞ்சித் துண்டின் மேல் மோக்ஸாப் பஞ்சைக் கூம்பாக உருட்டி வைத்து எரிப்பது பழைய முறை. சாறுள்ள கொழுத்த இஞ்சி வேண்டும். நார் பிடித்த முற்றல் சரிவராது. குறுக்காக, 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில், பழைய கனத்த ஐந்து ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக நறுக்கி, ஊசியால் பத்துப் பன்னிரண்டு துளை குத்த வேண்டும். துளையில்லாவிட்டால் சூடு இறங்காது. மெல்லிசாக நறுக்கினால் கொப்புளம், கனமாக நறுக்கினால் வெறும் இஞ்சி வாசனை. கூம்பு கொண்டைக்கடலை அளவு. நுனியில் கொளுத்த வேண்டும். உறைத்தால் துண்டோடு சற்றுத் தள்ளி நகர்த்திவிட்டு மறுபடி வைக்கலாம், இந்த முறையின் சௌகரியமே அதுதான். ஒரு இடத்துக்கு மூன்று முதல் ஐந்து கூம்பு. இஞ்சிச் சாறே சிலருக்குத் தோலைக் காந்தும், முதல்நாள் ஒன்றோடு நிறுத்திப் பாருங்கள்.

தொப்புளில் உப்பை நிரப்பி அதன் மேல் எரிப்பதும் உண்டு. அதற்குக் கல்லுப்பு ஆகாது. உள்ளே ஈரம் வைத்திருக்கும், சூடேறினால் பட்டென்று வெடித்துத் தெறிக்கும். வாணலியில் வறுத்து ஆறவைத்த பொடியுப்பை நிரப்பி, மேலே ஓர் இஞ்சித் துண்டை வைத்து, அதன் மேல்தான் கூம்பு.

நேரடியாகத் தோலில் எரித்துப் புண்ணாக்கித் தழும்பு விடும் பழைய சீன முறை வீட்டுக்கு இல்லை. நம் சித்த வைத்தியத்தின் புற மருத்துவம் முப்பத்திரண்டில் சுட்டிகை என்று சூடு போடும் முறை ஒன்று இருக்கிறது. அதையும் கற்றவர்தான் தொடுவார். குழந்தைக்கு மாந்தம், இழுப்பு என்று வயிற்றில் சூடு போடும் கிராமத்துப் பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அதை நியாயப்படுத்த மோக்ஸாவைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

ஃபேன், புகை, பக்கத்து வீடு

ஃபேனை நிறுத்தாமல் குச்சி பிடிப்பவர்கள் சாம்பலை அறை முழுக்கத் தூவுகிறார்கள். கங்கும் ஊதி உக்கிரமாகும். நிறுத்தினால் வேர்த்து ஊற்றும். ஜன்னலை எதிரெதிராகத் திறந்துவைத்து, டேபிள் ஃபேனை ஜன்னலுக்கு வெளியே பார்த்துத் திருப்பிவைத்தால் புகையை அது வெளியே தள்ளும், நோயாளி மேல் காற்று படாது. குச்சிப் புகையும் புகைதான். மூலிகை என்பதால் நுரையீரல் சலுகை காட்டாது. ஆஸ்துமா, கைக்குழந்தை, கூண்டில் கிளி உள்ள வீட்டில் மொட்டைமாடியே சரி. வாசனை கஞ்சாப் புகைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும். அபார்ட்மென்டில் இருப்பவர்கள் முதல்முறை கொளுத்துவதற்கு முன் எதிர்வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

தலையில் எண்ணெய் தேய்த்துப் பின்னாத கூந்தலோடு கழுத்துப் புள்ளிக்குக் காட்டக் கூடாது. ஃபோம் மெத்தையில் வேண்டாம். மரக்கட்டிலோ பெஞ்சோ போட்டு, ஈரத்துண்டு ஒன்றைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

எதற்குக் கேட்கும்

மோக்ஸாவைப் பற்றி அதிகம் ஆராயப்பட்டவற்றில் ஒன்று, குழந்தை வயிற்றில் தலை கீழாக இல்லாமல் பிட்டம் கீழாக இருப்பதைத் திருப்புவது. கால் சுண்டுவிரல் நகத்தின் வெளிமூலையில் உள்ள பி.எல். 67 புள்ளி. 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு சீனத்தின் ஜியாங்சியில் முதல் பிரசவப் பெண்கள் 260 பேரிடம் 33-ஆவது வாரத்தில் நடந்தது. 35-ஆவது வாரத்தில் மோக்ஸா எடுத்த 130 பேரில் 98 பேருக்குத் தலை இறங்கியிருந்தது. எடுக்காத 130 பேரில் 62 பேருக்கு. பின்னால் இத்தாலியில் அதே முறையைச் செய்து பார்த்தபோது பாதியில் நிறுத்த வேண்டியதாகி, பலனும் தெரியவில்லை. அந்த 62 என்ற எண்ணைக் கவனியுங்கள். ஒன்றும் செய்யாமலே கிட்டத்தட்டப் பாதிக் குழந்தைகள் தாமாகத் திரும்பியிருக்கின்றன. ஸ்கேன் பார்த்த டாக்டரிடம் சொல்லாமல், இரட்டைக் குழந்தையா, நஞ்சுக்கொடி எங்கே என்று தெரியாமல் இதை வீட்டில் ஆரம்பிக்கக் கூடாது.

முழங்கால் வலி, மாதவிடாய் வலி, இடுப்புப் பிடிப்பு இவற்றில் இதமான சூடு தரும் ஆறுதலை எதிர்பார்க்கலாம். நொச்சி ஒற்றடமும் அதில் பெரும்பகுதியைத் தரும். சர்க்கரை குறையும், கட்டி கரையும் என்று போட்டு விற்கிற பெட்டியை வாங்காதீர்கள்.

சர்க்கரை நோய் பற்றி ஒன்றைக் கறாராகவே சொல்ல வேண்டும். பாதத்தில் மரத்துப்போன உணர்ச்சி உள்ளவருக்கு முழங்காலுக்குக் கீழே குச்சியே வேண்டாம். சுடுவது தெரியாது, கொப்புளம் மறுநாள் செருப்பு மாட்டும்போது தெரியும், ஆற மாதமாகும், ஆறாமலும் போகும். "எங்கப்பாவுக்கு லேசாத்தான் மரப்பு" என்பவர்களுக்கும் இதே பதில்.

சுட்டுவிட்டால் உடனே ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம். இங்கே ஒரு சிக்கல்: கோடை மதியத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே கொதிக்கும். மண்பானைத் தண்ணீரையோ அடிபம்புத் தண்ணீரையோ மொண்டு மொண்டு ஊற்றுங்கள். ஐஸ்கட்டி, பற்பசை, இங்க், நெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. உள்ளங்கை அளவுக்குப் போனாலோ, சீழ் வைத்தாலோ, பட்டவர் சர்க்கரைக்காரர் என்றாலோ டாக்டரிடம் போய்விட வேண்டும்.

வாங்க வேண்டியது: பத்துக் குச்சி உள்ள ஒரு பெட்டி, ஒரு நல்ல கேஸ் லைட்டர், சாம்பல் தட்ட ஒரு பீங்கான் கிண்ணம். வருடக்கணக்கில் உபயோகிப்பவர் இரட்டை வலை மூங்கில் பெட்டி ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். ஐப்பசி மழையில் குச்சி ஈரம் இழுத்துப் பற்ற மறுக்கும், பூஞ்சையும் பிடிக்கும். மூடி இறுகிய எவர்சில்வர் சம்படத்தில் வைத்தால் தாங்கும்.

அணைப்பது பற்றி யாரும் அட்டையில் எழுதுவதில்லை. தண்ணீரில் முக்கினால் மிச்சக் குச்சி ஊறிக் கெட்டுவிடும். தரையில் தேய்த்தால் முனை சிதறி உள்கங்கு அப்படியே இருக்கும். அகலம் குறைந்த எவர்சில்வர் டம்ளரில் முக்கால்வாசி உலர்ந்த மணலோ பழைய அரிசியோ போட்டு, எரியும் முனையைக் கீழாக நாலு விரல் ஆழத்துக்குக் குத்தி நிறுத்துங்கள். கால்மணி கழித்து எடுத்து, முனையை முகத்துக்குக் கிட்டே காட்டி வெக்கை அடிக்கிறதா என்று பாருங்கள். அடித்தால் மறுபடி மணலுக்குள். முழுக்க ஆறினபின் கருகிய முனையை வெட்டாமல் அப்படியே சம்படத்தில் வையுங்கள், அடுத்தமுறை அந்தக் கரிமுனை அரை நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும்.